ஹனோவரில் ஒரு கோல் சூட்டர்

அறவே தெரியாத வேலையை மனிதன் பெரிதாகக் கெடுப்பதில்லை. தெரியாது என்று சொல்லிவிட்டு ஓரமாக நின்றுவிடுவான். நன்றாகத் தெரியும் என்று நம்பிக்கொண்டு இறங்குகிற வேலையைத்தான் ஊர் சிரிக்கக் கெடுப்பான். பிள்ளைகளே, உங்கள் அப்பா கூடைப்பந்து விளையாடிய கதை இந்த இரண்டாவது வகை. நான் ஒருவருக்கும் பொய் சொல்லவில்லை. எனக்கு அந்த விளையாட்டுத் தெரியும் என்று கற்பூரம் கொளுத்திச் சத்தியம் பண்ணுகிற அளவுக்கு நம்பியிருந்தேன். (பண்ணாமல் விட்டது அம்மாளாச்சி செய்த உதவி.)

இந்தக் கதையை அம்மாவின் வாயால் நீங்கள் பலமுறை கேட்டிருக்கிறீர்கள். ஆனால் முழுதாகக் கேட்டதில்லை. பாதி வழியில் அவவுக்குச் சிரிப்பு வந்துவிடும். கண்ணைத் துடைத்துக்கொண்டு குசினிக்குள் போய்விடுவா. மிச்சத்தை நீங்களே கற்பனை பண்ணி வைத்திருக்கிறீர்கள். சின்னவன் தன் வகுப்பில், அப்பா ஜேர்மன் தேசிய அணியில் இருந்தவர் என்று சொல்லியிருப்பதாக அறிந்தபோதுதான் உள்ளதை எழுதிவைப்போம் என்று பேனையை எடுத்தேன்.

அது நான் ஜேர்மனிக்கு வந்து இரண்டாவது குளிர்காலம். இலங்கையில் எண்பத்து மூன்றுக் கலவரத்துக்குப் பிறகு கிளம்பிய பலரைப் போல நானும் கிழக்கு பேர்லினில் இறங்கி, மேற்குக்கு வந்து, அங்கிருந்து அனுப்பப்பட்டு, ஹனோவரிலிருந்து இரண்டு மணித்தியாலத் தூரத்தில் ஒரு சின்ன ஊரின் அகதி விடுதியில் வந்து விழுந்திருந்தேன். விடுதிக்குப் பின்னால் ஒரு கால்வாய். முன்னால் ஒரு பொறியியல் கல்லூரி. வேலை செய்ய அனுமதி இல்லை. மாவட்ட எல்லையைத் தாண்டவும் அனுமதி இல்லை. தாண்டுவதென்றால் அலுவலகத்தில் காரணம் சொல்லிக் கடுதாசி வாங்க வேண்டும். கனவு காண மட்டும் ஒருவரிடமும் கேட்கத் தேவையில்லை. ஆகவே நான் அதையே முழுநேர வேலையாகச் செய்துகொண்டிருந்தேன்.

காலையில் யன்னலோரம் கதிரையைப் போட்டு உட்காருவேன். கால்வாயில் நிலக்கரிப் படகுகள் சத்தமில்லாமல் போகும். பனி விழத் தொடங்கினால் தண்ணீர் எது, கரை எது என்று தெரியாது. படகும் மரங்களும் எதிர்க்கரை வீடுகளும் ஒன்றாகச் சேர்ந்து மிதந்து போவதுபோல இருக்கும். நானும் கூடவே மிதந்து ஹனோவருக்குப் போய்விடுவேன். அங்கே சுகந்தி இருந்தா. (சுகந்தி யாரென்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இன்று காலையும் உங்களுக்குப் புட்டு அவித்துத் தந்தவதான்.)

ஊரில் இரண்டு வீட்டாரும் சாதகம் பார்த்து, பொருத்தம் என்று எழுதியிருந்தார்கள். எனக்கு வந்து சேர்ந்தது ஒரு கறுப்பு வெள்ளைப் படம். அதில் அவ சிரிக்கவில்லை. படம் பிடித்தவர் சிரிக்க வேண்டாம் என்று சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். சிரித்தால் எப்படி இருக்கும் என்று யோசிப்பதிலேயே எனக்கு ஒரு பகல் போய்விடும்.

ஒரேயொரு தடை, சுகந்தியின் தமையன் நவம் அண்ணை. ஹனோவரில் ஓர் உணவகத்தின் குசினியில் வேலை செய்தார். ஜேர்மனியில் தங்கைக்குத் தாயும் தகப்பனும் அவர்தான். என் அறையில் இருந்த குலம் அண்ணை அவரோடு தொலைபேசியில் கதைத்துவிட்டு, சப்பாத்தில் ஒட்டிய பனியைத் தட்டித் தட்டிச் செய்தி சொன்னார்.

"டேய் தம்பி, நவம் நல்லவன்தான். ஆனா ஒரே பிடி. பெடியனைக் கண்ணால பாக்காமல் ஓம் எண்டு சொல்ல ஏலாதாம்."

"அவரை இஞ்ச வரச் சொல்லுங்கோவன் அண்ணை."

"லீவு குடுக்கிறாங்கள் இல்லையாம். நீதான் போகவேணும். லண்டனில இருந்தும் ஒரு சம்பந்தம் வந்திருக்காம். சித்திரை வருசத்துக்கு முன்னம் ஊருக்கு முடிவு எழுதோணும் எண்டு நிக்கிறான்."

"லண்டன் மாப்பிள்ளை என்ன செய்யிறாராம்?"

"கார் வைச்சிருக்கிறானாம்."

"அது ஒரு வேலையோ அண்ணை?"

"உன்னட்ட என்ன இருக்கு? எனக்கும் உனக்கும் பொதுவா ஒரு குடை. கதையை விட்டிட்டு ஹனோவருக்குப் போற வழியைப் பார்."

வழியைப் பார்க்க அலுவலகத்துக்குப் போனேன். மேசைக்கு அந்தப் பக்கத்தில் இருந்த ஜேர்மன் அம்மா நல்லவ. நான் எனக்குத் தெரிந்த ஜேர்மனில் உள்ளதை உள்ளபடியே சொன்னேன்.

"ஹனோவருக்கு எதற்குப் போகிறீர்கள்?"

"ஒரு பெண்ணைப் பார்க்க."

"உங்கள் உறவினரா?"

"இல்லை."

"உங்களுக்கு நிச்சயம் செய்த பெண்ணா?"

"பார்த்த பிறகுதான் நிச்சயம் செய்வார்கள்."

"அப்படியென்றால் அவரை உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது."

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தா. "தெரியாத ஒரு பெண்ணைப் பார்ப்பதற்காக நான் எப்படி அனுமதி எழுதுவது, சொல்லுங்கள்?" என்று மெதுவாகக் கேட்டா. அவ கேட்ட விதத்தில் எனக்கே அது ஒரு காரணமாகத் தெரியவில்லை. நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இனிப் பந்து வருகிறது.

எனக்கு மூன்று அக்காமார் என்பது உங்களுக்குத் தெரியும். மூவரும் எங்கள் ஊர்ப் பெண்கள் பாடசாலையின் நெற்போல் அணியில் இருந்தவர்கள் என்பது தெரியாது. (புத்தகத்தில் வலைப்பந்தாட்டம் என்று எழுதியிருக்கும். ஊரில் ஒருவரும் அப்படிச் சொன்னதில்லை.) வீட்டு வளவில் ஐயா ஒரு கம்பத்தை நட்டு, அதன் உச்சியில் இரும்பு வளையம் பூட்டிக் கொடுத்திருந்தார். மூன்று பேரும் பந்தைக் கொடுத்து வாங்கிப் பழக, கடைசியில் வளையத்துக்குள் போட ஓர் ஆள் தேவைப்பட்டது. அந்த ஆள் நான். கோல் சூட்டர்.

நெற்போல் மரியாதையான விளையாட்டு. பந்தைப் பிடித்தவர் நின்ற இடத்தில் நிற்க வேண்டும். கொண்டு ஓடக் கூடாது. எதிர்ப்பக்கத்தார் எட்ட நிற்க வேண்டும். பிடுங்கிப் பறிக்கக் கூடாது. எல்லாவற்றையும் விட முக்கியம், ஒவ்வொருவருக்கும் ஒரு பகுதி உண்டு. கோல் சூட்டர் தன் வளையத்துப் பக்கத்தை விட்டு வெளியே காலெடுத்து வைக்கக் கூடாது. பெரியக்கா சாம்பலால் கோடு போட்டு வைத்திருப்பா. அதில் என் பெருவிரல் பட்டாலே கணுக்காலில் ஈர்க்கால் ஒன்று விழும். பாடசாலையில் படித்ததெல்லாம் ஓ.எல். பரீட்சை மண்டபத்திலேயே எனக்கு மறந்துபோயிற்று. கோட்டைத் தாண்டக் கூடாது என்பது மட்டும் கணுக்காலில் பதிந்துவிட்டது.

கூடைப்பந்து என்றால் என்ன என்று ஒருநாள் பெரியக்காவைக் கேட்டேன். "பெடியள் விளையாடுற நெற்போல்" என்று சொல்லிவிட்டுத் தலைபின்னப் போய்விட்டா. பெரியக்கா சொன்னால் எங்கள் வீட்டில் மறுபேச்சு இல்லை.

விடுதிக்கு முன்னாலிருந்த கல்லூரியில் மாலையில் எங்களுக்கு ஜேர்மன் வகுப்பு நடந்தது. வகுப்பு முடிந்து வரும்போது சைக்கிள் கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு வளையத்தைக் கண்டேன். வளையத்துக்குப் பின்னால் ஒரு பலகை. குளிர் நாடு, காற்றுக்கு மறைப்புக் கட்டியிருக்கிறார்கள் என்று விளங்கிக்கொண்டேன். கீழே யாரோ விட்டுப்போன பந்து கிடந்தது. எடுத்தேன். கால்களைச் சேர்த்து வைத்து, இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கி, மூச்சை விட்டு, எறிந்தேன். பந்து பலகையில் படாமல், வளையத்திலும் படாமல், ஒரு பெருமூச்சுப்போல உள்ளே இறங்கியது. அன்றிலிருந்து ஒவ்வொரு மாலையும் அங்கேதான். மஞ்சள் விளக்கின் கீழ் பனி விழுந்துகொண்டிருக்கும். பனி கீழே வரும். பந்து மேலே போகும். எது எந்தப் பக்கம் போகிறது என்று சில வேளை எனக்கே தெரியாது.

ஒருநாள் மேல்மாடி யன்னல் திறந்தது. பிறகு ஒரு நெட்டை மனிதர் கழுத்துத் துண்டைச் சுற்றிக்கொண்டு இறங்கி ஓடிவந்தார். லோமன் என்று பெயர். அந்தக் கல்லூரியில் கணிதம் படிப்பித்தவர், கூடைப்பந்து அணியையும் பழக்கியவர். நாங்கள் லோமன் மாஸ்டர் என்போம்.

"இதை எங்கே பழகினீர்கள்?"

"வீட்டில். என் அக்காமாரிடம்."

"அவர்கள் அணியில் விளையாடியவர்களா?"

"மூன்று பேரும்."

அவர் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. அவருடைய அணி அந்தப் பருவத்தில் ஓர் ஆட்டமும் வென்றிருக்கவில்லை. அப்படிப்பட்டவருக்குக் கேள்வி கேட்கிற வசதி குறைவு. கல்லூரிகளுக்கு இடையே நடந்த சின்னப் போட்டி அது. வெளியாள் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று ஒரு விதி இருந்தது. சம்பளம் இல்லை, சப்பாத்துத் தருவோம் என்றார். நான் யோசிக்க வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தபோது, "பங்குனியில் கடைசி ஆட்டம் ஹனோவரில்" என்றார்.

யோசிக்கவில்லை.

அதே அலுவலகம், அதே அம்மா. மாஸ்டர் பக்கத்தில் நின்றார். "விளையாட்டா? அப்படிச் சொல்லுங்கள்!" என்று சந்தோசமாக முத்திரையைக் குத்திவிட்டா. ஒரு பெண்ணைப் பார்க்கக் கிடைக்காத அனுமதி ஒரு வளையத்தைப் பார்க்கக் கிடைத்தது.

அந்தக் குளிர்காலம் முழுவதும் நான் அணியின் வாங்கில், மாற்று ஆட்கள் இருக்கும் நீள இருக்கையில், உட்கார்ந்திருந்தேன். பயிற்சியில் எனக்குத் தந்த வேலை வளையத்துக்குக் கீழே நின்று எறிவது மட்டும். என்னைக் கடைசி நிமிடத்தில் இறக்கி எல்லாரையும் திகைக்கப் பண்ணுவது மாஸ்டரின் திட்டம். ஆனால் கடைசி நிமிடம் வருவதற்கு முன்பே எங்கள் அணி ஒவ்வொரு முறையும் மிக நன்றாகத் தோற்றுவிடும்.

வாங்கில் இருந்து பார்த்தபோது எனக்குச் சில மனவருத்தங்கள் இருந்தன. ஒழுங்குக்குப் பேர்போன நாட்டில், ஐந்து பேரும் மண்டபம் முழுவதும் ஓடித் திரிந்தார்கள். நெற்போலில் அப்படி ஓடுகிற உரிமை நடுவில் நிற்கும் ஒருவருக்குத்தான். இங்கே ஐந்து பேரும் நடுவாட்கள். தங்கள் பகுதியில் நிற்க ஒருவருக்கும் பொறுமை இல்லை. அதுபோக, பந்தை நிலத்தில் தட்டித் தட்டி ஓடினார்கள். கை விறைக்காமல் இருக்க என்று நினைத்தேன். நான் இறங்கினால் முறையாக விளையாடிக் காட்டுவேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வேன்.

ஆனால் என் கவனம் அதிக நேரம் ஆட்டத்தில் நிற்காது. மண்டபத்தில் மெழுகு வாசம், சப்பாத்துகள் கீச்சிடும் சத்தம், உயரத்தில் விளக்குகள். ஒரு பந்து மேலே எழும்பும். அது கூரையைத் திறந்துகொண்டு, பனிக்கு மேலாக, வயல்களுக்கு மேலாக, ஆறுதலாகப் போய் ஹனோவரில் ஒரு யன்னல் கண்ணாடியில் தட்டும். உள்ளே ஒருத்தி தையலை வைத்துவிட்டு எழும்பி வருவாள். அந்த நேரம் பார்த்து எல்லாரும் கத்துவார்கள், நானும் கைதட்டுவேன். "அது அவர்கள் போட்டது" என்று அணித்தலைவன் யேர்க் முழங்கையால் இடிப்பான்.

பங்குனி வந்தது. குலம் அண்ணை நவம் அண்ணையைத் தங்கையோடு ஆட்டம் பார்க்க வரச் சொல்லிவிட்டு, தன்னுடைய மண்ணிறக் கோட்டை எனக்குப் போட்டுப் பார்த்தார்.

"இதைப் போட்டுக்கொண்டு வாங்கில இரு. நவம் வந்து இருந்தவுடனே எழும்பிப் பணிவா ஒருக்கா தலையாட்டு. மட்ச் முடியப் போய்க் கதை. சிரி, ஆனா பல்லைக் காட்டாதை."

"பந்தைப் பற்றிக் கேட்டா?"

"பந்தைப் பற்றி அவனுக்கென்ன தெரியும்? அவன் கேக்கப்போறது விசாவைப் பற்றி. அதுக்குத்தான் நீ யோசிக்கவேணும்."

சின்ன பஸ் ஒன்றில் புறப்பட்டோம். மாவட்ட எல்லையைத் தாண்டியபோது சட்டைப்பையில் கடுதாசியைத் தொட்டுப் பார்த்தேன். வெளியே வயலும் பனியும் இந்தப் பக்கம் இருந்த மாதிரியேதான் அந்தப் பக்கமும் இருந்தன. நெற்றியை யன்னலில் வைத்துக்கொண்டு, நவம் அண்ணைக்குச் சொல்லும் வணக்கத்தைப் பழகினேன். அந்தச் சுகத்தில் ஒரு விசயத்தைக் கவனிக்கவில்லை. பஸ்ஸில் ஆட்கள் குறைவு. பாதி அணிக்குக் காய்ச்சல்.

மண்டபத்துக்குப் போனதும் மாஸ்டர் எண்ணிப் பார்த்தார். என்னோடு சேர்த்து ஐந்து பேர். வாங்கில் உட்கார ஒருவரும் மிச்சமில்லை.

"கோட்டைக் கழற்றுங்கள்" என்றார்.

எங்கள் ஊரில் பெண் வீட்டாரின் முன்னால் போகிறவன் வேட்டியின் மடிப்புக்கூடக் கலையாமல் போவான். நான் கையில்லாத சட்டையும் அரைக் காற்சட்டையுமாக, கோழிக்கால் இரண்டும் தெரிய, ஊதா வெளிச்சத்தில் நடுங்கிக்கொண்டு நின்றேன். அந்த நேரம் கதவு திறந்தது. தடித்த மேலங்கியோடு ஒரு கறுத்த மனிதர் வந்தார். அவருக்குப் பின்னால் நீலக் கோட்டும் அதன்மேல் நீளப் பின்னலுமாக ஒருத்தி. இருவரும் ஒரு பக்கத்து வளையத்துக்குப் பின்னால் இரண்டாவது வரிசையில் இருந்தார்கள். நான் பணிவாகத் தலையாட்டினேன். நவம் அண்ணை என் முழங்கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் பாதியில் நாங்கள் போட வேண்டியது அந்த வளையத்தில்தான். என் அதிர்ஷ்டத்தை என்னால் நம்ப முடியவில்லை. போய் என் பகுதியில் நின்றேன். யேர்க் பந்தைத் தந்தான். கால்களைச் சேர்த்தேன். எதிர்ப்பக்கத்துப் பெடியன் ஒருவன் என் மூக்குக்கு நேரே கையை நீட்டினான். "தயவுசெய்து கொஞ்சம் எட்ட நில்லுங்கள்" என்றேன். நல்ல வளர்ப்பு. குழம்பிப்போய் உண்மையாகவே பின்னால் ஓர் அடி வைத்தான். எறிந்தேன். உள்ளே. மண்டபம் கைதட்டியது. நீலக் கோட்டுக்காரி முன்னால் சாய்ந்து என்னைக் கூர்ந்து பார்த்தா. அப்படியே மிதக்கத் தொடங்கினேன்.

அதன் பிறகு நடந்தவை எனக்கு ஒரு கனவில் நடந்ததுபோலத்தான் இருக்கின்றன. எதிரணி பந்தைக் கொண்டு மற்றப் பக்கம் ஓடியது. எங்கள் அணியின் மற்ற நால்வரும் பின்னால் ஓடினார்கள். நான் ஓடவில்லை. நடுக்கோடு வரைக்கும் மரியாதையாகப் போய், அதில் பெருவிரல் படாமல் நின்றேன். "ட்சுரூக்! ட்சுரூக்!" என்று மாஸ்டர் கத்தினார். பின்னுக்குப் போ என்கிறார். நான் கோட்டைச் சுட்டிக்காட்டி, ஏலாது என்று கையை ஆட்டினேன். நான் வளையத்தடியில் அசையாமல் நிற்கும்போதெல்லாம் நடுவர் விசில் ஊதிப் பந்தை மற்றவர்களிடம் கொடுத்தார். கூடைப்பந்தில் அங்கே நெடுநேரம் நிற்கக் கூடாதாம். எனக்கு அது பிறகுதான் தெரியும். நெற்போலில் கோல் விழுந்தால் விசில் ஊதுவார்கள். இவர் விழ முதலே ஊதுகிறார், என்மேல் அவ்வளவு நம்பிக்கை என்று நினைத்து அவருக்கும் ஒரு தலையாட்டல்.

இடைவேளையில் யேர்க் என் தோளைப் பிடித்தான்.

"நீ ஏன் பின்னால் வருவதே இல்லை?"

"அது என் பகுதி இல்லை."

"என்ன பகுதி?"

"நீங்கள்தான் எல்லாரும் எல்லா இடமும் ஓடுகிறீர்கள்" என்றேன், சற்றுக் கண்டிப்பாக.

அவன் மாஸ்டரைப் பார்த்தான். மாஸ்டர் புள்ளிப் பலகையைப் பார்த்தார். அங்கே ஓர் அதிசயம் இருந்தது: நாங்கள் தோற்றுக்கொண்டிருந்தோம், ஆனால் கொஞ்சமாக. தனியே நிற்கும் என்னை என்ன செய்வதென்று எதிரணிக்குத் தெரியவில்லை. யேர்க் தூரத்திலிருந்து வீசுவான். நான் பிடித்துப் போடுவேன். "விடு," என்றார் மாஸ்டர், "இலங்கையில் இப்படித்தான் விளையாடுவார்கள் போல."

இரண்டாவது பாதியில் பக்கம் மாறினோம். எனக்கு எதிர்ப்பக்கத்து வளையம் கிடைத்தது. சுகந்தியும் நவம் அண்ணையும் இப்போது மண்டபத்தின் மற்ற அந்தத்தில், ஒரு நீலப் புள்ளியும் கறுப்புப் புள்ளியுமாகத் தெரிந்தார்கள். எனக்கும் அவர்களுக்கும் நடுவில் அந்த வெள்ளைக் கோடு.

ஆட்டம் முடிகிற நேரம். ஒரே ஒரு புள்ளியால் பின்னால் நிற்கிறோம். எதிரணிப் பெடியன் ஒருவனின் கையிலிருந்து பந்து நழுவியது. அதைப் பிடிக்கப் பாய்ந்த யேர்க்கும் அவனும் மோதி விழுந்தார்கள். அவர்கள்மேல் இன்னும் இரண்டு பேர் விழுந்தார்கள். பந்து அந்தக் குவியலுக்குள்ளிருந்து தனியே வெளிப்பட்டு, நடுக்கோட்டை நோக்கி, என்னை நோக்கி, மெல்ல உருண்டு வந்தது. இவ்வளவு ஆறுதலாக ஒரு பந்து உருண்டதை நான் வாழ்க்கையில் பார்த்ததில்லை. கால்வாய்ப் படகு மாதிரி. கோட்டுக்குக் கிட்ட வந்தது. இன்னும் கொஞ்சம். நின்றுவிட்டது.

கோட்டுக்கு அந்தப் பக்கம்.

கையை நீட்டினேன். எட்டவில்லை. குனிந்து நீட்டினேன். கணுக்கால் சுள்ளென்றது. "எடு! எடு!" என்று யேர்க் நிலத்தில் கிடந்தபடி அலறினான். மாஸ்டர் கழுத்துத் துண்டை நிலத்தில் அடித்தார். மண்டபம் முழுவதும் எனக்கு விளங்காத ஜேர்மனில் கத்தியது. அந்த இரைச்சலுக்குள்ளிருந்து, மற்ற அந்தத்தில் இருந்த நீலப் புள்ளி எழும்பி நின்று, வாயில் இரண்டு கையையும் குவித்து, தெளிவான யாழ்ப்பாணத் தமிழில் கத்தியது.

"இது நெற்போல் இல்லை! கோட்டைத் தாண்டலாம்! தாண்டுங்கோ!"

பிள்ளைகளே, உங்கள் அம்மா என்னோடு பேசிய முதல் வார்த்தைகள் இவைதான்.

தாண்டினேன். பந்தை எடுத்தேன். இனித் திரும்பி ஓடி வளையத்தில் போட வேண்டும் என்று இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு அந்தக் குரல் வந்த பக்கம் தவிர வேறு பக்கம் உலகத்தில் இருக்கவில்லை. பந்தைக் கைக்குழந்தைபோல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினேன். தட்டவில்லை. எழும்பிக்கொண்டிருந்தவர்களைத் தாண்டி, எங்கள் வளையத்தைத் தாண்டி, எல்லைக் கோட்டையும் தாண்டி (ஒருமுறை பழகிவிட்டால் பிறகு பயமில்லை), இரண்டாவது வரிசைக்கு முன்னால் போய்த்தான் நின்றேன். நடுவரின் விசில் எங்கேயோ தூரத்தில் கேட்டது.

"வணக்கம் அண்ணை" என்றேன், மூச்சு வாங்க. பல்லைக் காட்டவில்லை.

நவம் அண்ணை என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

"வணக்கம் தம்பி. முதல்ல பந்தை அவையளிட்டக் குடும்."

அந்த ஒரு புள்ளியால் தோற்றோம். அணி அந்தப் பருவத்தை ஒரு வெற்றியும் இல்லாமல் சுத்தமாக முடித்தது. மாஸ்டர் நிலத்தில் உட்கார்ந்து தலையில் கைவைத்திருந்தார். அவருடைய தோள்கள் குலுங்கின. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று கிட்டப் போய்ப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அரைக் காற்சட்டைக்கு மேலே மண்ணிறக் கோட்டைப் போட்டுக்கொண்டு மண்டபத்துக்கு வெளியே நடையோடையில் நின்றேன். நவம் அண்ணையும் சுகந்தியும் வந்தார்கள்.

"உமக்கு இந்த விளையாட்டுத் தெரியுமோ தம்பி?"

"தெரியும் எண்டுதான் அண்ணை வந்தனான்."

"நான் குசினியில நிக்கிறவன். எனக்கு விளையாட்டுத் தெரியாது. ஆனா அந்த மனிசன் தலையில கையை வைச்சுக்கொண்டு நிலத்தில இருக்கிறதைப் பாத்தனான்." பிறகு தங்கையின் பக்கம் திரும்பி, குரலைக் குறைத்தார். "பிள்ளை, ஆளுக்கு ஏதோ சுகமில்லைப் போல. லண்டனுக்கே எழுதுவம்."

(அந்த நடையோடையில் அவர்கள் இருவரையும் தவிரத் தமிழ் விளங்கக்கூடியவன் நான் ஒருவன்தான். என்னை விட்டுத்தான் ரகசியமாம்.)

எனக்குக் கால்வாய், யன்னல், படகு எல்லாம் ஒன்றாக ஞாபகம் வந்தது. இனி அந்த யன்னலில் இருந்து எங்கே போவது? சுகந்திதான் பேசினா.

"அண்ணா, அவர் ஒரு பிழையும் விடேல்லை."

"என்ன பிள்ளை சொல்லுறாய்? அவ்வளவு சனமும் சிரிச்சது."

"அவையளுக்கு என்ன தெரியும்? அவர் விளையாடினது நெற்போல். நான் எங்கட பள்ளிக்கூடத்தில கோல் கீப்பர். முதல் கோலிலேயே விளங்கீட்டுது. பாத்துக்கொண்டே இருந்தனான், எங்கையாவது பிழை விடுவார் எண்டு. ஒருக்கால்கூடக் கோட்டில கால் படேல்லை. அவ்வளவு பேர் கத்தினதுக்கும் அசையேல்லை."

"கடைசியில தாண்டினவர்தானே?"

"நான் சொல்லித்தானே தாண்டினவர்" என்றா சுகந்தி.

நவம் அண்ணை யோசித்தார். குசினியில் உப்புப் பார்க்கிறவர்போல நாக்கை உள்ளே சுழற்றி யோசித்தார்.

"அப்ப என்ன எழுத?"

"ஓம் எண்டு எழுதுங்கோ" என்று சொல்லிவிட்டு அவ முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டா. பின்னல் மட்டும் குலுங்கியது. படத்தில் இல்லாத அந்தச் சிரிப்பு எப்படி இருக்கும் என்று நான் எத்தனையோ பகல் யோசித்திருந்தேன். ஒன்றுகூடச் சரியில்லை. நான் நினைத்ததைவிட நல்ல சத்தமாக இருந்தது.

அவ்வளவுதான் பிள்ளைகளே நடந்தது. இப்போது உங்களுக்கு ஒரு விசயம் விளங்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் நால்வரும் நடந்து போவோம். தெருவில் ஒரு வாகனம் இல்லை, ஒரு காகம் இல்லை. சிவப்பு விளக்கு எரியும். நான் நிற்பேன். பின்னால் நின்று நீங்கள் இருவரும், "அப்பா, இது நெற்போல் இல்லை!" என்று ஒரே குரலில் கத்துவீர்கள். பக்கத்தில் நிற்கும் ஜேர்மன் கிழவி, பிள்ளைகளுக்கு முன்மாதிரியான மனிதர் என்று என்னை மெச்சிப் பார்ப்பா.

அவவுக்குத் தெரியாது, நான் விளக்கைப் பார்த்துக்கொண்டு நிற்பதில்லை. உங்கள் அம்மா சொல்லட்டும் என்று நிற்கிறேன்.